துண்டுப் பேப்பரில் துட்டு இருக்கிறது!
கல்யாணப் பத்திரிகை வெட்டியதுபோக மிஞ்சும் ஜிகினாவில் வாழ்த்து அட்டை, மொய்க் கவர்

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கல்யாணம் நிச்சயம் ஆனதும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தேடி வரும் தெரு.

என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பினால் வரிசையாகப் பேப்பர் கடை, பத்திரிகைக் கடை. மெரூன், மயில் நீலம், மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் அட்டைகள். ஸ்டூலில் உட்கார்ந்து, "இது வேணாங்க, அதை எடுங்க" என்று புரட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அவர்கள் பார்ப்பது அட்டையை. பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. கட்டிங் மிஷினுக்குக் கீழே விழும் துண்டு!

சாக்குச் சாக்காக அது போகிறது. எங்கே? பழைய பேப்பர் வியாபாரியிடம். அங்கிருந்து ஆலைக்கு. ஆலையில் வேண்டாம் என்றால் குப்பைக்கு.

இந்தத் துண்டில் வாழ்த்து அட்டை செய்யலாம். மொய்க் கவர் ஒட்டலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருந்தபடி நாலு காசும் பார்க்கலாம்.

நாலு காசு என்பது நிஜமா, வெறும் பேச்சா? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒரு கல்யாணத்துக்கு 250 பட்டை!

துண்டு எப்படி விழுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அச்சு வேலைக்கு வரும் பெரிய தாள்களில் 20-க்கு 30 அங்குலம் என்பது பழக்கமான அளவு. 'டபுள் கிரவுன்' என்று பெயர். 23-க்கு 36 என்றால் 'டபுள் டெமி'.

ஒருவர் 7-க்கு 9 அங்குலத்தில் 1,000 பத்திரிகை கேட்கிறார் என்று வையுங்கள். 30 அங்குலப் பக்கத்தில் 7 நாலு தடவை போகும். மிச்சம் 2 அங்குலம். 20 அங்குலப் பக்கத்தில் 9 இரண்டு தடவை. அங்கேயும் மிச்சம் 2 அங்குலம்.

ஒரு தாளுக்கு 8 பத்திரிகை. கூடவே 2 அங்குல அகலத்தில் இரண்டு பட்டை. ஒன்று 30 அங்குல நீளம், இன்னொன்று 18 அங்குல நீளம்.

தாளின் பரப்பு 600 சதுர அங்குலம். அதில் துண்டாகப் போவது 96. அதாவது நூற்றுக்கு 16! ஆறு தாள் வாங்கினால் கிட்டத்தட்ட ஒரு தாள் கீழே கிடக்கிறது.

1,000 பத்திரிகைக்கு 125 தாள். 125 தாளுக்கு 250 பட்டை. இது ஒரே ஒரு கல்யாணத்துக்கு! தை மாதத்திலும் ஆவணியிலும் எத்தனை கல்யாணம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அதே ஆள் 7½-க்கு 10 அங்குலம் என்று கேட்டிருந்தால் அதே தாளில் அதே 8 பத்திரிகைதான் வரும். பத்திரிகையும் பெரிசு. துண்டும் அநேகமாக இல்லை. மிஷின் பிடிப்பதற்கும் ஓரம் தட்டுவதற்கும் போகிற கொஞ்சம்தான் நஷ்டம். பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கேட்டுவைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைக்கு மவுசு, ஜிகினாவுக்கு இல்லை

எல்லாத் துண்டும் ஒரே விலை என்று நினைத்துவிடாதீர்கள்.

அச்சு ஏறாத வெள்ளைத் துண்டுக்குப் பழைய பேப்பர் வியாபாரத்தில் எப்போதும் மரியாதை உண்டு. மை எடுக்கிற வேலை இல்லை. கரைத்தால் அப்படியே வெள்ளைக் கூழ்! ஆகவே வெள்ளையைக் கடைக்காரர் சும்மா கொடுக்கமாட்டார்.

ஜிகினா ஒட்டியது, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டது, வெல்வெட் ஒட்டியது... இவற்றின் கதை வேறு. ஆலையில் தண்ணீரில் போட்டு அடித்தால் பேப்பர் கரையும்; மேலே இருக்கிற பிளாஸ்டிக்கும் ஜிகினாவும் கரையாது. கூழில் துணுக்குத் துணுக்காக மிதந்து தொல்லை கொடுக்கும். அதனால் அதற்கு மதிப்பு குறைவு.

நமக்கு வேண்டியது எது? அந்த மதிப்பில்லாத ஜிகினாதான்!

ஆலைக்கு உதவாத துண்டு கைவேலைக்கு முதல் தரம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

போய்க் கேட்டால் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்:

"அண்ணே, கட்டிங் துண்டு இருக்குமா?"

"இன்னாத்துக்கும்மா?"

"கார்டு செய்யறதுக்கு. கலரா பொறுக்கிக்கிறேன்."

"பொறுக்கறதெல்லாம் ஆவாது. மொத்தமா எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்க."

மொத்தமாக எடுத்தால் பாதி வீணாகும். வியாபாரம் படியாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனால் பொறுக்கவும் விடுவார்கள். பெண்களுக்குப் பஸ் செலவும் கிடையாது. 2021 மே மாதத்தில் இருந்து மாநகர சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா?

பாரிமுனை வரை போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் பேட்டையில் உள்ள அச்சாபீசிலும் பைண்டிங் கடையிலும் இதே துண்டு கிடைக்கும். உங்கள் வீட்டுப் பரணிலும் கிடைக்கும்!

பரணில் இருக்கும் பிள்ளையார்

வந்த கல்யாணப் பத்திரிகையை நம்மவர்கள் லேசில் தூக்கி எறிவதில்லை. நாலு மூலையில் மஞ்சள் தடவியது. மேலே பிள்ளையார் படம். குப்பையில் போட எப்படி மனசு வரும்? கட்டுக் கட்டாகப் பரணில் ஏறிவிடுகிறது. பத்து வருஷத்துப் பத்திரிகை தூங்கிக்கொண்டு இருக்கும்.

எடுத்துத் தூசு தட்டுங்கள். பிள்ளையாரைத் தனியாகக் கத்தரித்து எடுங்கள். மயில், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், சரிகை ஓரம், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பழைய ஸ்வீட் டப்பாக்களில் போட்டுவையுங்கள். இதுதான் முதல்.

பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் இருக்கிற பகுதியை மட்டும் கிழித்து அழித்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டு விலாசம் ஊர் சுற்றக்கூடாது.

மொய்க் கவர்: அளவு இதோ

வாழ்த்து அட்டையைவிட மொய்க் கவருக்குத்தான் கிராக்கி. வருஷம் பூராவும் யாருக்காவது கல்யாணம், காதுகுத்து, கிருகப்பிரவேசம் இருந்துகொண்டே இருக்கும். வாட்ஸ்-அப்பில் பத்திரிகை அனுப்புகிற காலம்தான் இது. மண்டபத்து வாசலில் ஸ்கேன் செய்கிற அட்டையும் வந்துவிட்டது. ஆனாலும் மாமன், மச்சான் கையில் கொடுக்கும் 501-க்கும் 1001-க்கும் கவர் வேண்டியிருக்கிறது.

இப்போது புழங்கும் நோட்டில் பெரியது 500 ரூபாய். நீளம் 150 மில்லி மீட்டர். அகலம் 66. முன்பு 2,000 ரூபாய் நோட்டு 166 மில்லி மீட்டர் நீளம் இருந்தது. அதைத் திரும்பப் பெறுவதாக 2023 மே மாதத்தில் ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. ஆகவே 17 சென்டி மீட்டருக்கு 8 சென்டி மீட்டர் கவர் தாராளம்.

7-க்கு 9 அங்குலப் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து வையுங்கள். 9 அங்குலம் என்பது 22.9 சென்டி மீட்டர். 7 அங்குலம் 17.8. இதில் வெட்ட வேண்டியது, குறுக்கில் 20 சென்டி மீட்டர், உயரத்தில் 17½.

உயரத்தில் முன்பக்கத்துக்கு 8, பின்பக்கத்துக்கு 7, மேல் மூடிக்கு 2½. குறுக்கில் 17 போக இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை மிஞ்சும். அது பசை தடவும் காது. காது பின்பக்கத்துக்கு மட்டும் இருந்தால் போதும். மற்ற இடத்தில் கத்தரித்துவிடுங்கள்.

எழுத்து உள்ளே போகும். டிசைன் வெளியே வரும். பழைய மடிப்புக் கோடு கவரின் நடுவில் தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்குமே! அங்கேதான் ஆண்டர்சன் தெரு ஜிகினாப் பட்டை வேலை செய்கிறது. அரை அங்குல அகலத்தில் வெட்டி மடிப்பின்மேல் ஒட்டிவிட்டால், அதுவே டிசைன் மாதிரி ஆகிவிடும். மேலே ஒரு பிள்ளையார். மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்ட இடம். தீர்ந்தது வேலை!

எந்தப் பக்கம் மடிப்பது?

புதிதாகச் செய்கிறவர்கள் அட்டையை மடித்ததும் மடிப்பில் வெடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும். "அட்டை மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அட்டைமேல் தப்பில்லை.

பேப்பருக்கு நார் உண்டு. மிஷினில் ஓடி வரும்போது நாரெல்லாம் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துக்கொள்கிறது. மூங்கிலை நெடுக்கில் பிளந்தால் சுலபம், குறுக்கில் கஷ்டம் இல்லையா? அதே கதைதான். நார் ஓடும் திசையிலேயே மடித்தால் சுத்தமாக மடியும். குறுக்கே மடித்தால் உடையும்.

கண்டுபிடிப்பது எப்படி? துண்டை இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். அப்புறம் திருப்பிப் பிடித்து வளையுங்கள். எந்தப் பக்கம் சொன்னபடி கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் மடிக்க வேண்டும்.

மடிப்பதற்கு முன்பு இரும்பு ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். கடையில் மிஷினில் போடுவதும் இதே கோடுதான். மை தீர்ந்த பேனாவுக்கும் ஒரு மரியாதை!

அட்டையின் கனத்தை 'ஜி.எஸ்.எம்.' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70, 75 இருக்கும். நல்ல வாழ்த்து அட்டை 250. ஒரு ஏ-4 அளவு அட்டையை இரண்டாக மடித்துச் செய்தால், வெறும் அட்டையே 15½ கிராம் நிற்கும். மேலே பூ, ஜிகினா, கவர் எல்லாம் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டிவிடும். தபாலில் போடுகிறவர்கள் தபால் ஆபீசில் நிறுத்துப் பார்த்து ஸ்டாம்பு ஒட்டுங்கள். ஏ-4-ல் பாதியில் செய்தால் அட்டை 8 கிராமுக்குள் அடங்கும்.

பசையில் கவனம்

சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சும் மைதாப் பசை மலிவுதான். ஒரு தம்ளர் மைதாவுக்கு நாலைந்து தம்ளர் தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் கிண்டினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவது வழக்கம். மயில்துத்தம் விஷம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். இரண்டு நாளைக்குக் காணுமளவுக்குக் காய்ச்சிக்கொண்டால் போதும்.

மைதாப் பசை சாதாரணப் பேப்பருக்குத்தான். பளபளப்பு உறை போட்ட அட்டையில் பிடிக்காது. காய்ந்ததும் உரிந்து கையோடு வரும். அதற்கு இரட்டைப் பக்க டேப், இல்லாவிட்டால் ஒட்டும் இடத்தில் உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்துவிட்டு வெள்ளைப் பசை. ஒட்டியதும் மேலே கனமான புத்தகத்தை ஏற்றி வையுங்கள். பழைய டெலிபோன் டைரக்டரி வீட்டில் இருந்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

சுருள் பூ

இப்போது ஊரெல்லாம் 'குயில்லிங்' மோகம். மெல்லிய பட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பூ, கம்மல், ஜிமிக்கி செய்கிறார்கள்.

இது ஏதோ நேற்று வந்த வித்தை என்று நினைக்கவேண்டாம். பல நூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பாவில் கன்னிகாஸ்திரீகள் மடங்களில் இதைச் செய்தார்கள். தங்க விளிம்பு போட்ட புத்தகங்களை ஓரம் தட்டும்போது விழும் துண்டைத்தான் சுருட்டினார்கள் என்று சொல்வது உண்டு. பைண்டிங் துண்டுதான் அங்கேயும் ஆரம்பம்!

இன்றைக்கு என்ன நடக்கிறது? 'வீண் பேப்பரில் கைவேலை' என்று டெலிபோனில் வீடியோ பார்க்கிறோம். பார்த்துவிட்டு அதற்கென்றே புதுப் பேப்பர் பாக்கெட்டும், மிஷினும், அச்சும் காசு கொடுத்து வாங்குகிறோம். வீண் பேப்பர் எங்கே போயிற்று?

2 அங்குலப் பட்டை ஒன்றில் 3 மில்லி மீட்டர் அகலத்தில் 16 இழை எடுக்கலாம். கனமான அட்டைத் துண்டு மட்டும் இதற்கு ஆகாது. சுருட்டினால் உடையும். பத்திரிகைக்குள் வைக்கும் உள்தாள், கவர் செய்யும் தாள், இவற்றின் துண்டுதான் தோது. சுருட்டுவதற்கு ஊதுபத்திக் குச்சியின் நுனியைக் கொஞ்சம் பிளந்துகொண்டால் போதும்.

கணக்கு சரியாக வருகிறதா?

இனிமேல்தான் முக்கியமான சங்கதி.

துண்டு சும்மா கிடைக்கலாம். நேரம் சும்மா கிடைக்காது. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ஒரு நல்ல வாழ்த்து அட்டைக்கு 40 நிமிஷம் என்று வையுங்கள். பூராவாக 8 மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் 12 அட்டை. ஒன்று 30 ரூபாய்க்குப் போனால் 360 ரூபாய். பசை, டேப் செலவைக் கழியுங்கள். அன்றைக்கே 12 அட்டையும் விற்றால்தான் இந்தக் கணக்கு. விற்குமா?

மொய்க் கவருக்கு வாருங்கள். 100 கவருக்கான தாளையும் முதலில் வெட்டிவிட வேண்டும். அடுத்து 100-க்கும் கோடு. அடுத்து மடிப்பு. அடுத்து பசை. இப்படிக் கட்டுக் கட்டாகச் செய்தால் ஒன்றுக்கு 6 நிமிஷம் என்று கொள்ளலாம். 8 மணி நேரத்தில் 80 கவர். 5 ரூபாய்க்குக் கொடுத்தாலும் 400 ரூபாய். மிஞ்சியது கெட்டுப்போகாது. அடுத்த முகூர்த்தத்துக்கு ஆகும்.

ஆகவே வயிற்றுப் பாட்டுக்குச் செய்கிறவர்கள் கவரைப் பிடியுங்கள். ஆசைக்குச் செய்கிறவர்கள் அட்டையைப் பிடியுங்கள். ஆயிரக்கணக்கில் பீஸ் கட்டிக் கிளாசில் சேருவதற்கு முன்பு இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். துண்டுப் பேப்பரே போதும்!

சுய உதவிக் குழுவில் இருக்கிற பெண்களுக்கு ஒரு வசதி. குழுக்கள் செய்யும் பொருள்களுக்கு நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சிகள் நடப்பது உண்டு.

2019 ஜனவரி 1-ந் தேதி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், சின்னப் பேப்பர் பைக்கும் தேவை இருக்கிறது. வளையல் கடை, பேன்சி கடைக்குக் கொடுக்கலாம். பஜ்ஜிக் கடைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அச்சு மை பட்ட பேப்பரில் சாப்பாட்டுப் பண்டம் கட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லும் சொன்னது, 2023-லும் எச்சரித்தது. ஜிகினா அதைவிட மோசம்.

கயிற்றில் தொங்கிய பொங்கல்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்ற வழக்கமே ஒரு சோம்பேறித்தனத்தில் பிறந்தது தெரியுமா?

1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்தது. எல்லோரும் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். லண்டனில் ஹென்றி கோல் என்ற அதிகாரிக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரம் இல்லை. 1843-ல் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, சுமார் 1,000 கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்துவிட்டார். மிஞ்சியதை ஒரு ஷில்லிங் விலை வைத்து விற்றார்கள். படத்தில் ஒரு குழந்தைகூட ஒயின் குடிப்பதுபோல் இருக்கப்போய், மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்!

நம் ஊரில் மார்கழி பிறந்தால் போதும். பிளாட்பாரத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் பொங்கல் வாழ்த்து தொங்கும். கரும்பு, பானை, ஜல்லிக்கட்டு ஒரு பக்கம். எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல் இன்னொரு பக்கம். கவரை ஒட்டாமல் மூடியை உள்ளே செருகி 'புக் போஸ்ட்' என்று எழுதிவிட்டால் தபால் செலவு குறைச்சல். சிநேகிதனுக்கு எந்த நடிகர் பிடிக்கும் என்று யோசித்து யோசித்து வாங்கியவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே எத்தனை பேர் இருப்பீர்கள்!

செல்போன் வந்தது. கயிறு அறுந்தது.

அதனால்தான் கையால் செய்த அட்டைக்கு இப்போது தனி மதிப்பு. போனில் வருகிற வாழ்த்தை ஒரே நேரத்தில் 200 பேருக்கு அனுப்பியிருப்பார்கள். கைப்பட ஒட்டிய அட்டை ஒருவருக்குத்தான்.

பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்று: அட்டையை இரண்டாக மடியுங்கள். மடிப்பு ஓரத்தில் 2 சென்டி மீட்டர் தள்ளித் தள்ளி, 3 சென்டி மீட்டர் ஆழத்தில் இரண்டு வெட்டு வெட்டுங்கள். அட்டையை விரித்து நடுவில் இருக்கும் பட்டையை உள்பக்கமாகத் தள்ளி மறுபடி மடியுங்கள். திறந்தால் ஒரு படிக்கட்டு எழுந்து நிற்கும். அதன் முகப்பில் பொங்கல் பானையை ஒட்டிவிட்டால், அட்டையைத் திறந்ததும் பானை முன்னால் வந்து நிற்கும். ராத்திரி 9 மணிக்கு "அம்மா, நாளைக்கு மிஸ் கார்டு கொண்டுவரச் சொன்னாங்க" என்று குண்டு போடும் பிள்ளை உள்ள வீட்டில் இது உயிர் காக்கும் வித்தை.

கடைசித் துணுக்கு

எல்லாம் செய்தபிறகும் விரல்நகம் அளவுக்குத் துணுக்கு மிஞ்சும். ஜிகினா இல்லாததை மட்டும் பொறுக்கி ஒரு ராத்திரி ஊறவையுங்கள். பழைய மிக்சி ஜாரில் நிறையத் தண்ணீர் விட்டு அடித்தால் கூழ். கொசுவலையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, கூழில் முக்கித் தூக்கினால் மேலே படலமாக நிற்கும். துணியில் கவிழ்த்து, ஒற்றி எடுத்து, நிழலில் காயவைத்தால் கையால் செய்த காகிதம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் காகிதக் கூடத்தில் 1959-ல் இருந்து செய்துவருவதும் இதே முறைதான். அவர்கள் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்குகிறார்கள். அதன் நார் நீளம் என்பதால் காகிதம் உறுதியாக நிற்கும். நம்முடையது அவ்வளவு உழைக்காது. அட்டையில் ஒட்டி எழுத ஆகும்.

மிஞ்சிய கூழ்த் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய் அடைத்தால் பிளம்பருக்குக் கொடுக்கும் காசில் 100 மொய்க் கவர் போய்விடும். செடிக்கு ஊற்றுங்கள்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை. அப்போது துண்டும் குறைச்சல்தான். ஆனால் புது மாடல் வரும்போது பழைய சாம்பிள் அட்டைகளைக் கழிப்பார்கள். முழுசு முழுசாகக் கிடைக்கும். கேட்டு வையுங்கள். துண்டு வேண்டும் என்றால் தைக்கும் வைகாசிக்கும் முந்தின வாரங்கள்தான் சரி. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். போகும்போது ஒரு நல்ல சாக்கும், கட்டுவதற்குச் சணல் கயிறும் கையோடு கொண்டுபோங்கள். ஜிகினாத் துண்டு வழுக்கும். துணிப்பையில் அடைத்துக்கொண்டு பஸ்சில் ஏறினால் பாதி பஸ்சிலேயே இறங்கிவிடும்.